ஜெர்லி கட்டையைப் போட்ட நாள்

முதல் தடவை சோதனையே நடக்கவில்லை. ஹெட்போனைக் காதருகே கொண்டுபோனதும் என் மகள் ஜெர்லி அதைப் பிடுங்கித் தரையில் போட்டு அழுதாள். அவளுக்கு மூன்றரை வயது. ஆடியாலஜிஸ்ட் (செவித்திறனைச் சோதிப்பவர்) முகம் சுளிக்கவில்லை. பத்து நாள் வீட்டில் பழக்கிவிட்டுக் கூட்டிவரச் சொன்னார்.

கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று முதலில் சொன்னது பால்வாடி டீச்சர். விசைப்படகில் கடலுக்குப் போகும் என் கணவர், தங்கள் வீட்டில் எல்லோருமே தாமதமாகப் பேசியவர்கள்தான் என்றார். நானும் அதை நம்பவே விரும்பினேன்.

உங்களில் யாருக்காவது உதவும் என்பதால் பழக்கிய முறையை எழுதுகிறேன். குழந்தை ஒரு பிளாஸ்டிக் கட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்திருக்க வேண்டும். சத்தம் கேட்டதும் அதை வாளியில் போட வேண்டும். ஹெட்போனை முதலில் நான் மாட்டிக்கொண்டேன், பிறகு பொம்மைக்கு, கடைசியில் அவளுக்கு. சளி பிடித்திருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் முடிவு தப்பாக வரலாம்.

மூன்றாம் நாளே ஜெர்லி பழகிவிட்டாள். கரண்டியால் தட்டைத் தட்டுவேன், கட்டை வாளியில் விழும். மெல்லத் தட்டினாலும் விழும். கரைக்கு வந்திருந்த கணவர் நின்று பார்த்தார்.

"ஏளா, அவளுக்கு நல்லாத்தான கேக்கு. எதுக்கு ஆஸ்பத்திரிக்கு அலையுத?"

ஆறாம் நாள், விளையாட்டின் நடுவே பால் பொங்கியதால் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நின்ற இடத்திலிருந்தே தட்டினேன். கட்டை கன்னத்திலேயே இருந்தது. பலமாகத் தட்டினேன். அப்போதும் இருந்தது. பிறகு அவளாகவே திரும்பி, என் முகத்தைப் பார்த்ததும் கட்டையைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

இத்தனை நாளும் என் தோளையும் புருவத்தையும் பார்த்துப் போட்டிருக்கிறாள். நான் பழக்கியது அதைத்தான்.

கணவர் நம்பவில்லை. அவரையே அவள் பின்னால் நின்று கூப்பிடச் சொன்னேன். மூன்று முறை கூப்பிட்டார். அப்புறம் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

"நான் வாசல்ல வந்து கூப்பிட்டா ஓடி வாராளே" என்றார்.

"உங்க நெழலு முன்னால வந்து விழுதுல்லா" என்றேன்.

சோதனையன்று, சத்தம் புகாத அந்தச் சிறிய அறையில் மகளைத் தான் மடியில் வைத்துக்கொள்வதாக அவர் சொன்னார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். பெற்றவர்கள் அசைந்தால் பிள்ளை கண்டுபிடித்துவிடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். முதலில் ஒலிபெருக்கி வழியாகச் சத்தம் வரும், அது அவருக்கும் கேட்கும். அவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெர்லி அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. விரலால் அவர் இமையைத் தொட்டாள். அவர் திறக்கவில்லை. அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கை அப்படியே இருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ரொம்ப நேரத்துக்குப் பிறகு அவளே முன்பக்கம் திரும்பி நெற்றியைச் சுருக்கினாள். கட்டை விழுந்தது. சத்தத்தைக் கேட்டு அவளாகப் போட்ட முதல் கட்டை.

பிறகு ஹெட்போனையும் மாட்டிக்கொண்டாள். ஆடியோகிராமில் (எந்த அளவு ஒலி கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) இரண்டு காதின் கோடுகளும் கீழே இறங்கியிருந்தன; பலத்த சத்தம் மட்டுமே கேட்கிறது என்று அர்த்தம். காதுக்குக் கருவி மாட்டி, பேச்சுப் பயிற்சியும் தர வேண்டும் என்றார்கள். கணவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதுவரைக்கும் எங்க கொரல கேட்டிருக்காளா, மேடம்?"

"பக்கத்துல சத்தமாப் பேசினா கொஞ்சம் கேட்டிருக்கும். வார்த்தையா கேட்டிருக்காது."

ஏழு மாதம் ஆகிறது. காது மெஷின் மாட்டியதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அவள் திருப்பிச் சொல்லக் காத்திருக்கிறேன். முன்பெல்லாம் அந்த நேரத்தில் நாலு வேலை முடித்திருப்பேன். இப்போது என் நாள் அப்படிப்பட்ட இடைவெளிகளால் ஆனது.

குளிக்கும்போது மெஷினைக் கழற்றிவிட வேண்டும். அப்போது ஈரக் கையை என் தொண்டையில் வைப்பாள். அவள் பேரைச் சொல்வேன். மறுபடி அழுத்துவாள், மறுபடி சொல்வேன். முப்பது வருஷமாகப் பேசிவந்த குரல் தொண்டையில் எந்த இடத்தில் அதிர்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அவள் கையை எடுக்கும்வரை நான் நிறுத்துவதில்லை.