ஏழாம் பக்கத்து ஜோக்

அந்த யோசனை எனக்கு பஸ்ஸில்தான் வந்தது. அலுவலகம் முடிந்து முத்தையாபுரத்தில் ஏறி, ஜன்னலோர இடம் கிடைத்த சந்தோஷத்தில் போனைத் திறந்து ஒரு ஆங்கிலப் படக்கதையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு நிறம், அம்மா ஒரு நிறம், நடுவில் சுருட்டை முடியோடு ஒரு பெண்குழந்தை. அவளைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள். அழுகிறாள். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பஸ் உப்பளத்தைத் தாண்டுவதற்குள் முடித்துவிட்டேன். தமிழில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லையே என்று தோன்றிய அதே மூச்சில் இன்னொன்றும் தோன்றியது: எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வீடு இருக்கிறதே!

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி கப்பலுக்குப் போகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். சிங்கப்பூரில் பார்த்துப் பழகிய பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். நான் அவர்களை மைனி என்பேன்; அண்ணி என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். அவர்களுடைய மகளுக்கு ஒன்பது வயது, என்னை அத்தை என்பாள். சனிக்கிழமை மாலையில் எங்கள் மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி நான் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு அவளும் வருவாள். எப்போதும் அரைமணி நேரம் பிந்தித்தான் வருவாள். அதனால் அவளுடைய பட்டப்பெயர் 'லேட்டு'. அவளுக்கு இருந்த ஒரே பட்டப்பெயர் அதுதான். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று வாரம் நான் தரையில் நிற்கவில்லை. பகலெல்லாம் அலுவலகத்தில் கன்டெய்னர் சரக்குகளுக்கான படிவங்களை நிரப்பினேன்; ஒவ்வொரு பொருளுக்கும் 'எந்த நாட்டில் ஆனது' என்று ஒரு கட்டம் இருக்கும். மற்ற நேரமெல்லாம் இந்தப் புத்தகம். இணையத்தில் அகப்பட்ட இந்த வகைக் கதைகளை, சின்னப் பிள்ளைகளுக்கானது, பெரிய பிள்ளைகளுக்கானது என்று பார்க்காமல் படித்துத் தள்ளினேன். பெரும்பாலானவற்றுக்கு ஒரு கட்டுமானம் இருந்தது. வித்தியாசமான முகம், வித்தியாசமான சாப்பாட்டு டப்பா, கேலி, அழுகை, அணைப்பு. நானும் அதையே எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் 'ஸ்கின் கலர்' என்று சொல்லும் அந்த ரோஸ் கிரேயானை எங்கள் மாடியில் தடை செய்தேன். எங்கள் ஊரில் யாருக்கு அந்தத் தோல் இருக்கிறது? அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. பழுப்பில் எட்டு விதம் கலந்து வரைந்தேன். நாயகிக்கு நேர்முடி, சிறிய கண், கப்பலுக்குப் போகும் அப்பா. மைனியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சானதும் கொடுத்து அசத்தலாம் என்று இருந்தேன்.

ஏழாம் பக்கம் கேலிப் பக்கம். அதற்கு நிஜமான ஒரு வசனம் தேவைப்பட்டது. பேனாவை எடுத்ததும் தானாகவே வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி நாயகியைப் பார்த்துச் சொல்கிறாள்: "சைனா செட்டுளா இது. வாரண்டி கிடையாது." படித்துப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளை பேசுகிற மாதிரியே இருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி பன்னிரண்டு பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டே பக்கங்களைப் பார்த்தார்.

"ஏளா, இது நம்ம கப்பல்காரர் பிள்ளைல்லா?"

"இல்ல அண்ணாச்சி, கற்பனை."

"கற்பனைக்கும் அதே ரெட்டச் சடையா?"

"ரெட்டச் சடை யாருக்குத்தான் இல்ல?"

"அப்ப சரி," என்றார். அது சரி என்று சொல்கிற குரலே இல்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் பிந்தாமல் வந்துவிட்டாள். நான் வாசித்தேன். ஏழாம் பக்கத்தில் மாடி முழுக்கச் சிரிப்பு. என் எழுத்துக்கு அதுவரை கிடைக்காத சிரிப்பு. அவளும் சிரித்தாள். நான் சற்று நிறுத்தி அந்தச் சிரிப்பை அனுபவித்தேன் என்பதை இங்கே ஒளிக்கக் கூடாது. முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, இவ எதுக்கு அழுதா?"

"எல்லாரும் கேலி பண்ணுதாங்கல்ல, அதான்."

"என்ன கேலி?"

"அவ பாக்க வேற மாதிரி இருக்கான்னு."

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு, வெகுநேரம் என்று இப்போது தோன்றும் அளவுக்கு, தன் மூக்கை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "நல்லாருக்கு அத்தை," என்று சொல்லிவிட்டு மற்றப் பிள்ளைகளைப் போலவே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மைனியைப் பார்த்தபோது கேட்டேன். மைனி மீன் சந்தையில் தமிழ் கற்றவர்; பேரம் பேசும்போது எங்கள் அம்மாவே அவர் பின்னால்தான் நிற்பார். அன்றைக்கு அந்தக் குரலே இல்லை.

"தலை வலிக்குன்னு சொல்லுதா. சனிக்கிழமை ஆனா தலை வலிக்கு." பிறகு, "புதுநன்மைக்கு நான் வர வேண்டாமாம். அவ அப்பா வீட்டுப் பெரியம்மா வரட்டுங்கா," என்றார்.

புதுநன்மை என்பது பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். எங்கள் கோயிலில் வெள்ளை உடுப்போடு வரிசையாக நடந்து வருவார்கள். பக்கத்தில் அப்பாவும் அம்மாவும். அண்ணன் கப்பலில் இருக்கிறார், அடுத்த மாதம் அந்த நாளுக்கு வர முடியாது. மைனி தனியாகத்தான் நடக்க வேண்டும். அதற்காக அவர் வெள்ளைப் பாவாடைக்குத் தானே பூ வேலை செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஸ்கூல் கேட்டுக்கும் இப்போது வர வேண்டாம் என்கிறாளாம். தெருமுனையில் நில்லு, நானே வாரேன் என்கிறாளாம்.

"ஏன்னு கேட்டீங்களா மைனி?"

"கேட்டேன். சும்மாங்கா."

திரும்பி வரும்போதே எனக்கு விடை தெரிந்தது. எங்கள் வட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவள் மைனி வீட்டைப் பார்த்து ராகம் போட்டுக் கத்தினாள்: "சைனா செட்டு, வாரண்டி இருக்கா?"

சைக்கிளை நிறுத்தினேன். "யாருளா உங்களுக்கு இதச் சொல்லிக் கொடுத்தது?"

இருவரும் நிஜமாகவே குழம்பிப்போனார்கள். "உங்க புக்குலதான் அக்கா," என்றாள் முன்னால் இருந்தவள். "லேட்டுன்னு கூப்பிட்டா பழசா இருக்குல்லா."

திட்டினேன். காரமாகத் திட்டினேன். பிள்ளைகள் எதற்கு என்று புரியாமலே தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் காலை அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில்தான் விடையின் மறுபாதி நினைவுக்கு வந்தது. இரண்டு பிளஸ் ஒன் பிள்ளைகள் சீருடையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னைப் பற்றி இருக்காது. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. பத்துப் பதினோரு வருஷத்துக்கு முன்னால், நான் பிளஸ் ஒன். இதே வழித்தடம். புதுப்பெண்ணாக வந்த மைனி அண்ணனோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போது ஊரெல்லாம் சைனா செட்டு போன்கள். இரண்டு மாதத்தில் ஸ்பீக்கர் போய்விடும். நான் தோழியிடம், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சொன்னேன்: "அண்ணன் சைனா செட்டு வாங்கியிருக்காவ. வாரண்டி கிடையாது." பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அன்று முழுக்க நான்தான் வகுப்பில் கதாநாயகி.

மறந்தே போயிருந்தேன். அது கற்பனை என்று நம்பி, ஸ்பைரல் போட்டு, எட்டுப் பழுப்புகளில் வண்ணம் தீட்டி, அவருடைய மகளுக்கே வாசித்துக் காட்டியிருக்கிறேன். படித்த கதைகளில் எல்லாம் கேலி செய்கிறவர்களுக்கு முகம் சரியாக வரைந்திருக்காது. நானும் அந்தப் பெஞ்சுக்காரியைப் பின்பக்கமாகத்தான் வரைந்திருந்தேன்.

அன்று அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு மைனி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். உட்காராமலே சொல்லிவிட்டேன். பஸ், பிளஸ் ஒன், தோழி, எல்லாம். மைனியின் கையிலிருந்த கத்தி நிற்கவில்லை.

"வாரண்டி," என்றார் மைனி. "அன்னைக்கு எனக்குத் தமிழ் ஒண்ணும் தெரியாது. அந்த ஒரு வார்த்தை மட்டும் புரிஞ்சுது. உங்க அண்ணன்கிட்ட கேட்டேன். போன் பத்திப் பேசுதாங்கன்னு சொன்னாவ."

"மைனி..."

"நானும் போன்னுதான் நெனச்சேன். இத்தன வருஷம். போன வாரம் பிள்ளை புக்கக் கொண்டாந்து காட்டுனா. எழுத்துக் கூட்டி வாசிச்சேன். ஏழாம் பக்கம்." இரண்டு மீனைச் சட்டியில் போட்டார். "அது நீதான்னு நெனைக்கல. ஊரே சொல்லுத ஜோக்கு போலன்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்டேன். குரல் உடைந்தது, அதுவும் எனக்கு வெட்கமாக இருந்தது, அழ வேண்டியவள் நானா என்று.

"எங்கிட்ட கேட்டு என்ன செய்ய?" என்றார். "அவ எங்கூட நடக்க மாட்டேங்கா. அதுக்கு என்ன செய்யப்போற, அதச் சொல்லு. பூ வேல பாதியில நிக்குது."

போ என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. செதில் என் செருப்பில் ஒட்டியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

இது நடந்து நாலு நாளாகிறது. பன்னிரண்டு பிரதிகளில் ஒன்பதை வீடு வீடாகப் போய் வாங்கி வந்துவிட்டேன். ஒன்று அவளிடம். இரண்டு எங்கே என்று தெரியவில்லை. ஒரு பிள்ளை சாத்தான்குளத்துச் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனதாகச் சொல்கிறாள். அந்த ஜோக்கை இனி யாராலும் திரும்ப வாங்க முடியாது என்பதும் தெரியும்.

நாளை சனிக்கிழமை. மாடிக்கு வரும் பிள்ளைகளிடம் முதலில் ஒன்றைச் சொல்லப்போகிறேன்: பெஞ்சில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவள் நான், அந்தக் கேலியை உண்டாக்கியவளும் நான், சொன்னது லேட்டுவின் அம்மாவை. சிரிப்பார்களோ, என்னையே ஒரு பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவார்களோ. கூப்பிடட்டும்.

அதற்கும் முன்னால், மதியமே, அவள் வீட்டுக்குப் போகிறேன். புதிதாக ஒரு புத்தகம் தொடங்கியிருக்கிறேன். பென்சிலில் நாலு பக்கம்தான். நேர்முடி வைத்த பிள்ளை யாரும் இதில் இல்லை. பிளஸ் ஒன் சீருடையில் ஒருத்தி பஸ்ஸில் ஏறுகிறாள், வாய்க்கு வந்த ஒரு ஜோக்கைச் சொல்கிறாள், முன் சீட்டில் இருப்பவர் ஒரே ஒரு வார்த்தை புரிந்து திரும்பிப் பார்க்கிறார். இந்த முறை சீருடைக்காரிக்கு முகம் வரைந்திருக்கிறேன். மூக்கு என் மூக்குதான், சப்பையாகவே.

முன் சீட்டில் இருப்பவரின் முகத்தை மட்டும் வரையவில்லை. அன்றைக்கு நான் அதைப் பார்க்கவே இல்லை. மைனியிடம் கேட்டேன், வரையலாமா என்று. "அவகிட்ட கேளு," என்றார். அதனால் ரப்பரும் பென்சிலும் எடுத்து வைத்திருக்கிறேன். கிழித்துப் போடு என்று சொன்னால் கிழிப்பேன். ஒருவேளை அவள் பென்சிலை வாங்கி, அம்மாவை எதிரில் உட்கார வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தால், அது போதும். புதுநன்மைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.