சைனம்பு எழுதிய பெண்கள்

போன வியாழக்கிழமை காலை அரியலூரில் என் வீட்டுத் தொலைபேசி ஒலித்தபோது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பேசியது மும்தாஜ், சைனம்புவின் மூத்த மகள். "பெரியம்மா, அம்மா மௌத்தாயிட்டாங்க. காலைத் தொழுகைக்கு எழுந்தாங்க, தண்ணி கேட்டாங்க. கொண்டாந்து குடுக்குறதுக்குள்ள போயிட்டாங்க" என்றாள். நான் போய்ப் பாலை இறக்கி வைத்தேன். முதலில் ஏன் அதைச் செய்தேன் என்று தெரியவில்லை. பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

பஸ் மாறி லெப்பைக்குடிக்காட்டுக்குப் போய்ச் சேர நண்பகலாயிற்று. அவள் வீட்டில் உட்கார இடமில்லை. அவளிடம் படித்தவர்கள், அவர்களுடைய பெண்கள், அந்தப் பெண்களின் பெண்கள். பள்ளி ஆண்டு மலருக்கு அவளைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அங்கேயே கேட்டார்கள். டீச்சராக அவளை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். என்னைப் போல் பதின்மூன்று வயதில் அவளை அறிந்தவர்கள் இனி யாரும் இல்லை. அதனால் அந்த வயதைப் பற்றி எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதினால் கோபித்துக்கொள்வாள், அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் செல்லம் என்கிற நான் ஒருத்திதான் பெண். சைனம்பு வந்து சேர்ந்ததும் இரண்டு பேரானோம். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் முதல் நாளே முட்டாள்தனமாக ஒன்று கேட்டேன். "உங்க வூட்ல பொண்ணுங்கள அடச்சு வச்சிருவாங்கன்னு சொல்றாங்களே, உன்ன எப்படி விட்டாங்க?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அடச்சு வச்சா எங்க வூட்டுக் கோழிய யாரு புடிக்கிறது? உன்ன கூப்புட்டா வருவியா?"

அப்போதே சிரித்துவிட்டோம். ஆனாலும் நான் கேட்டது அவளுக்குள் எங்கோ தைத்திருந்தது என்பது எனக்கு மறு வருஷம்தான் தெரிந்தது.

எட்டாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு எங்கள் தமிழ் வாத்தியார் ஒரு நாடகம் எழுதினார். நல்ல மனிதர், நாடகப் பித்தர். கதை ஒரு துறைமுகப் பட்டணத்தில் நடக்கிறது. ஒரு முஸ்லிம் வணிகர் கப்பலேறிப் போயிருக்கிறார். அந்த நேரம் ஊருக்குள் வெள்ளம் வருகிறது. அவருடைய மகள் மாடியில் நின்று "ஐயோ, நான் என்ன செய்வேன்!" என்று மூன்று முறை அழுகிறாள். இளவரசன் வந்து காப்பாற்றுகிறான். மகளாக நடிக்க வகுப்பில் ஒரு பையனைப் போட்டிருந்தார். ஒத்திகையில் அவன் மூக்கைச் சிந்தி அழ, வகுப்பே உருண்டு சிரித்தது.

வாத்தியார் சைனம்புவைக் கூப்பிட்டு, "உங்க வூட்லேர்ந்து ஒரு துப்பட்டி கொண்டாம்மா, இவனுக்குப் போர்த்தணும்" என்றார். முஸ்லிம் பெண்கள் வெளியே போகும்போது சேலைக்கு மேல் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துணி அது. மறுநாள் கொண்டுவந்தாள். ஆனால் கையை விட்டுக் கொடுக்கவில்லை.

"சார், இது எங்கம்மாவோடது. இதப் போட்டுக்கிட்டு எங்கம்மா அழுது நான் ஒருநாளும் பாத்ததில்ல. இவன் அழுவுறதா இருந்தா நான் தரமாட்டேன்."

அந்தக் காலத்தில் வாத்தியாரிடம் அப்படிப் பேசிய பிள்ளையை நான் பார்த்ததில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கு உங்க அம்மாவக் கூட்டிட்டு வந்தாத்தான் உள்ள விடுவேன்" என்று வெளியே அனுப்பிவிட்டார். வாசல் வரை நிமிர்ந்துதான் போனாள். வெளியே சுவரோரம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியே நான் பார்த்தேன். இனி படிப்பு அவ்வளவுதான் என்று இருவருமே நினைத்தோம்.

மறுநாள் அவள் அம்மா சுபைதா அம்மாள் வந்தார். அவருடைய கணவர் பினாங்கில் கடை வைத்திருந்தார். மலாயா ஜப்பான்காரர்கள் கைக்குப் போன பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. சுபைதா அம்மாள் வகுப்பு வாசலில் நின்று தெளிவாகப் பேசினார்.

"எம் பொண்ணு மரியாத இல்லாம பேசியிருந்தா மன்னிப்பு கேக்கச் சொல்றேன் சார். குரல ஒசத்தினது தப்பு. ஆனா அது சொன்ன சங்கதியும் தப்பாங்க?"

வாத்தியார் யோசித்தார். "கதைக்கு ஒரு சோகம் வேணும்ல அம்மா? அப்பா கப்பல்ல போயிட்டாரு, வெள்ளம் வந்துருச்சு. அந்தப் பொண்ணு அழாம என்ன செய்யும்?"

"அழுவும். நானும் அழுதேன்" என்றார் சுபைதா அம்மாள். "இதோட அத்தாகிட்டேர்ந்து கடுதாசி நின்னுபோனப்ப, கெணத்தடியில போயி ஒக்காந்து அழுதேன். இதுக்குத் தெரியாது. அப்புறம் மூஞ்சக் கழுவிட்டு வந்து வண்டி கட்டச் சொன்னேன். குன்னத்துப் பக்கம் கடலை வாங்கி பெரம்பலூர் மண்டிக்கு அனுப்புறேன். இன்னிக்கும் அதுதான் செய்யிறேன். அழுவுறது பாதி நாழி, சார். மிச்ச நேரமெல்லாம் வேல இருக்குல்ல? நீங்க அந்தப் பாதி நாழிய மட்டும் எழுதிட்டீங்க."

நான் சைனம்புவைப் பார்த்தேன். அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அழுதிருக்கிறாள் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

வாத்தியார் நாடக நோட்டை எடுத்துச் சைனம்புவிடம் நீட்டினார். "நீயே எழுதிக் கொண்டா. நல்லா இல்லன்னா என்னோடதுதான்."

மூன்று மாலைகள் நாங்கள் இருவரும் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினோம். எழுதியது அவள், எழுத்துப் பிழை திருத்தியது நான். அவளுடைய நாடகத்தில் அந்தப் பெண் முதலில் அழத்தான் செய்தாள். ஒரே ஒரு முறை. பிறகு அப்பாவின் பண்டகசாலையைத் திறந்து ஊர்ப் பிள்ளைகளை மாடிக்கு ஏற்றுகிறாள். ஓடக்காரர்களைக் கூப்பிட்டுக் கயிறு கட்டச் சொல்கிறாள். இளவரசன் குதிரையில் வந்து, "பெண்ணே, அஞ்சாதே!" என்கிறான். அவள் திரும்பிப் பார்த்து, "வந்துட்டீங்களா? இந்தக் கயித்தோட அந்த முனையப் புடிங்க" என்கிறாள்.

கடைசிக் காட்சியில் அப்பாவின் கப்பல் திரும்பி வர வேண்டும் என்றேன் நான். சைனம்பு பேனாவை வைத்துவிட்டாள். "வந்தா சந்தோசம்தான் செல்லம். ஆனா வராட்டியும் நாடகம் முடியணும்ல?" என்றாள். கப்பலைப் பற்றி ஒன்றும் எழுதாமலே முடித்தாள். எனக்கு அன்று அது பிடிக்கவில்லை.

நடிக்க இருந்த பையனுக்குத் துப்பட்டி போர்த்தக் கற்றுக்கொடுத்தது சுபைதா அம்மாள்தான். "இப்படி இறுக்கிப் புடிச்சா எப்படிறா நடப்ப? ரெண்டு கையும் வேல செய்யணும்" என்று கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவன் கோமாளித்தனம் செய்யவில்லை.

ஆண்டு விழாவன்று சைனம்புவின் தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வந்து பக்கவாட்டில் உட்கார்ந்தார்கள். அதற்கு முன் அவர்கள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. கயிறு பிடிக்கச் சொன்ன இடத்தில் எழுந்த சிரிப்பு, இளவரசனாக நடித்தவன் அடுத்த வசனத்தையே மறக்கும் அளவுக்கு இருந்தது. வெள்ளாற்றில் தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்திருந்த பள்ளி இன்ஸ்பெக்டர் நாடகத்தை யார் எழுதியது என்று கேட்டார். வாத்தியார் எழுந்து, "எட்டாம் வகுப்பு மாணவி எழுதியது. நான் எழுதியது இதைவிட மட்டம்" என்றார். அவர் நல்லவர் என்று சொன்னேன் அல்லவா. அடுத்த ஜூனில் அந்தத் தெருவிலிருந்து நான்கு பெண் பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தார்கள்.

நாடகம் போட்ட அந்த வருஷமே எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெரம்பலூர் போக வேண்டியிருந்தது. என் அப்பா மாட்டேன் என்றுவிட்டார். எங்களுக்கு நிலம் நீச்சு உண்டு, பெண் படித்து என்ன ஆகப்போகிறது என்பது அவர் கட்சி. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சுபைதா அம்மாள் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "எம் பொண்ணோட உங்க பொண்ணையும் கூட்டிட்டுப் போறேங்க. பரீட்ச முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுடறேன்" என்றார். அப்பா அவருக்குக் கடலை விற்கிறவர். உள்ளே வந்து என் அம்மாவிடம், "அந்தம்மா நிறுத்த மூட்டைய நான் மறுபடி நிறுத்ததில்ல. அவங்க கூட போறதுன்னா போவட்டும்" என்றார். வீட்டில் அடைத்து வைக்கப்பட இருந்தவள் நான்தான். கதவைத் திறந்துவிட்டது யார் என்பதைப் பாருங்கள்.

பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்கள் கரியில் ஓடின. எங்கள் பஸ் குன்னம் தாண்டி ஒரு மேட்டில் நின்றே போனது. டிரைவர் கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருக்க, சுபைதா அம்மாள் ஒரு வேப்பமரத்தடியில் தொழுதார். சைனம்புவும் தொழுதாள். நான் அவர்களுடைய மூட்டையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடித்துவிட்டு வந்தவளிடம், பாஸாக வேண்டும் என்று கேட்டாயா என்றேன். "பஸ் கெளம்பணும்னு கேட்டேன். மிச்சத்த நாம எழுதிக்கலாம்" என்றாள். பஸ் கிளம்பியது. இருவரும் பாஸானோம்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் பினாங்கிலிருந்து அவளுடைய அத்தா மெலிந்து கறுத்துத் திரும்பி வந்தார். தெருவே கூடி அழுதது. சில நாள் கழித்து அவர் வியாபாரத்தைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னபோது சுபைதா அம்மாள், "நீங்க வண்டியோட போயிட்டு வாங்க. தராசு என்கிட்டயே இருக்கட்டும்" என்றாராம். சைனம்பு இதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இருவரும் ஆசிரியப் பயிற்சி முடித்தோம். எனக்குத் தா.பழூர்ப் பக்கம் வேலை கிடைத்தது. அவள் தன் தெருவிலேயே பெண் பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தாள். வாசகப் புத்தகத்தில் தன் பிள்ளைகளைப் போல ஒருத்தியும் இல்லை என்று காகிதத்தில் தானே கதைகள் எழுதிப் படிக்கக் கொடுத்தாள். எல்லாவற்றிலும் பாத்திமா என்று ஒரு பெண். கணக்கில் புலி, கிணற்றில் விழுந்த ஆட்டைக் காப்பாற்றுவாள், பொய் சொல்லமாட்டாள். ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீச்சர், பாத்திமாவுக்குக் கோவமே வராதா? எனக்கு அவளப் புடிக்கல" என்றதாம்.

அன்று அவள் எனக்கு எழுதிய கடிதம் நினைவிருக்கிறது. 'செல்லம், நம் வாத்தியார் அவளை அழ மட்டும் வைத்தார். நான் அவளை ஜெயிக்க மட்டும் வைத்திருக்கிறேன். இரண்டும் பொம்மைதான்.' அடுத்த வாரம் பாத்திமா தம்பியின் சிலேட்டை ஆத்திரத்தில் உடைத்துவிட்டுப் பூனை மேல் பழியைப் போட்டாள். இரண்டு நாள் சோறு இறங்காமல் தவித்து, பிறகு ஒப்புக்கொண்டாள். பிள்ளைகள் அந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதற்குப் பிறகு எதை எழுதினாலும் முதலில் ஒரு பிள்ளையிடம் கொடுத்து, "இதுல எது பொய்யி?" என்று கேட்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

இதுவரை எழுதியதை நேற்று பக்கத்து வீட்டில் ஏழாவது படிக்கும் பெண்ணிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் சண்டையே வந்ததில்லையா ஆயா?" என்றாள்.

வந்தது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் என் தம்பி கல்யாணத்துக்கு அவளை அழைத்தேன். உறவுக்காரர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று பயந்து, பந்தியில் உட்கார வைக்காமல் பின்கட்டில் தனியாக அவளுக்கு இலை போட்டேன். அவள் சாப்பிட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு பத்து மாதம் கடிதம் இல்லை. நானும் எழுதவில்லை, எழுத முகமில்லை. ஒருநாள் பஸ் ஏறிப் போய் மத்தியானம் அவள் வாசலில் நின்று, "தப்பு பண்ணிட்டேன் சைனம்பு" என்றேன்.

"பண்ணித்தான் இருக்க" என்றாள். "உங்க ஆளுங்க என்னய அப்படி நெனச்சா எனக்கு ஒண்ணுமில்ல. நீ வாயத் தொறப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." பிறகு வழி விட்டு நகர்ந்தாள். "உள்ள வா. எனக்குப் பசிக்குது."

அவர்கள் வீட்டில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் பெரிய தட்டு ஒன்று உண்டு, சஹன் என்பார்கள். சுபைதா அம்மாள் அதில் சோறு போட்டார். மூன்று பேரும் உட்கார்ந்தோம். என் கை தயங்கியதைச் சைனம்பு பார்த்தாள். தன் பக்கத்துக் குழம்பை என் பக்கம் ஒதுக்கிவிட்டாள். நான் சாப்பிட்டேன்.

அவள் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட இன்று என்னிடம் இல்லை, எல்லாம் கரையானுக்குப் போயிற்று. அவளிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த மத்தியானமும், அதை இப்படி வெளியே சொல்கிற தைரியமும்தான்.