அப்பாவின் பெயரில் போன போத்தல்

எங்கள் வீட்டில் காலையில் ஒருவரையொருவர் கண்டால் முதலில் கேட்பது "போச்சோ?" என்றுதான். அம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்பார். ஓம் என்றோ இல்லை என்றோ உண்மையைச் சொல்ல வேண்டும். இல்லை என்றால் ஒரு கப் சுடுதண்ணீரும் கப்பல் என்கிற இன வாழைப்பழம் ஒன்றும் மேசைக்கு வரும். இரண்டாம் நாளும் இல்லை என்றால் கொட்டாஞ்சேனைக்குத் தொலைபேசி போகும். அங்கே அம்மாவின் தமையன், எங்கள் மாமா, இரும்புக்கடை வைத்திருந்தார். ஆணி, பூட்டு விற்கிற மனிதர்தான், ஆனால் வயிற்று விஷயத்தில் குடும்பம் முழுக்க அவரைத்தான் கேட்கும். கனடாவிலிருந்து அத்தை தொலைபேசி எடுத்தால்கூட பனி, குளிர் பற்றிய கதை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் அங்கே யாருக்கு இறுகியிருக்கிறது, இங்கே யாருக்கு இளகியிருக்கிறது என்பதுதான்.

இப்படி ஒளிவுமறைவே இல்லாத குடும்பத்தில் அப்பா ஒரு விஷயத்தை மாதக்கணக்கில் ஒளித்து வைத்திருந்தார். அதைவிடப் பெரிய விஷயம், கடைசியில் அந்த ஒளிப்பில் என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருந்தோம். மூன்று பேருக்கு ஒரு டொய்லெட். அப்பா காலையில் பேப்பரோடு உள்ளே போனால், முன்பெல்லாம் கீழே ஒரு ரயில் போவதற்குள் வெளியே வந்துவிடுவார். அந்த வருடம் அது இரண்டு ரயிலானது, பிறகு மூன்று ரயிலானது. நான் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு கதவுக்கு வெளியே கால் மாற்றி மாற்றி நிற்பேன். "அப்பா, எனக்கு முட்டுது!" என்று கத்தினால், "இந்தா, முடிஞ்சுது" என்ற குரல் வரும். ஆள் வராது.

விஷயம் வெளியே வந்தது தண்ணீர் வெட்டால். ஒருநாள் காலை மாடியில் இருந்த தண்ணீர்த் தாங்கி காலி. அப்பா இழுத்த இழுப்புக்குத் தண்ணீர் வரவில்லை. அவர் வாளி எடுக்க வெளியே வந்த நேரம் அம்மா உள்ளே போய்விட்டார். உள்ளே நின்றபடியே, "இஞ்சேருங்கோ, இதென்ன இரத்தம்?" என்று கேட்டார்.

"சூடு," என்றார் அப்பா.

எங்கள் ஆட்களின் சூட்டுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை. கண் சிவந்தால் சூடு, வாய் புண்ணானால் சூடு, முகத்தில் பரு வந்தால் சூடு. கணக்கில் மாக்ஸ் குறைந்ததற்கு நானே ஒருமுறை சூட்டைச் சொல்லிப் பார்த்தேன், அது மட்டும் எடுபடவில்லை. அன்று தொலைபேசியில் விவரம் கேட்ட மாமா, ஆளைப் பார்க்காமலே அப்பா சொன்னதை உறுதிப்படுத்தினார். "சுத்தமான சூடு. இனி ஒரு மாசத்துக்கு இறால், கணவாய், முட்டை, அன்னாசி ஒண்டும் வீட்டுக்குள்ள வரப்படாது. மாம்பழத்தைக் கண்ணாலயும் காட்டாத."

அதுதான் என் நெஞ்சில் விழுந்த அடி. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சந்தைக்கு வந்து குவிந்திருந்த காலம் அது. அப்பாவுக்குச் சூடு என்றால் நான் ஏன் மாம்பழம் சாப்பிடக்கூடாது என்று அழுதேன். வீட்டில் ஒரு சமையல்தான், ஆளுக்கொரு சட்டி வைக்க முடியாது என்றார் அம்மா. காலையில் வெந்தயக் கஞ்சி, பகலில் மோர், பின்னேரம் செவ்விளநீர். மூன்று கிழமையில் அப்பா குளிர்ந்தாரோ தெரியாது, எனக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது.

இரத்தம் சில நாள் நிற்கும். அப்போது மாமா வெற்றி என்பார். திரும்பவும் வரும். அப்போது, மத்தியானம் கோட்டையில் களவாக என்ன சாப்பிட்டார் என்று அப்பாவை விசாரிப்பார். அப்பா கோட்டையில் ஒரு ஆயுள் காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்தார். மற்றவர்களை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி, படிவத்தை ஒரு கோடு விடாமல் நிரப்பி வாங்குவதுதான் அவருடைய தொழில். அவருடைய காற்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டி வந்தது. வெந்தயக் கஞ்சி நல்லாக வேலை செய்கிறது என்று அதற்கும் மாமா சந்தோஷப்பட்டார்.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு சனிக்கிழமை அப்பாவைப் பிடித்து எங்கள் ஒழுங்கை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் வயதான ஒரு மனுஷி, நான் அவரை டொக்டர் அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். மரக்கறிக்கடையில் அப்பாவோடு கத்தரிக்காய் விலை கதைக்கிறவர். திரைக்குப் பின்னால் போய்ப் படுங்கள், பார்க்க வேண்டும் என்று அவர் சொல்ல, அப்பா கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "முதல்ல ஒரு றிப்போட் எடுத்துப் பாப்பமே டொக்டர்" என்றாராம். சரி, ஆனால் றிப்போட்டோடு வந்தால் கட்டாயம் படுக்க வேண்டும் என்று சொல்லி அவர் மலப் பரிசோதனைக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் அந்தப் போத்தல் எங்கள் வீட்டுக்கு வந்தது.

சின்னப் பிளாஸ்டிக் போத்தல். மூடியின் உள்பக்கத்தில் ஒரு குட்டிக் கரண்டி. ஒட்டியிருந்த தாளில் அப்பாவின் முழுப்பெயரும் நாற்பத்தேழு வயதும் எழுதியிருந்தது. திங்கட்கிழமை காலை அப்பா அதோடு உள்ளே போனார். மூன்று ரயில் போனது. வெளியே வந்தபோது போத்தல் வெறுமையாக இருந்தது. அம்மா கீழே பால் வாங்கப் போயிருந்தார். அப்பா எனக்கு முன்னால் குந்தி இருந்து, அலுவலகத்தில் பெரிய ஆட்களோடு கதைக்கிற குரலில் கேட்டார்.

"பிள்ளை, அப்பாவுக்கு ஒரு உதவி செய்வியோ?"

உதவி என்னவென்று விளங்கியபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்பா, இது உங்கட பேர் போட்டதெல்லோ?"

"எல்லாரும் ஒரே சட்டிச் சாப்பாடுதானே சாப்பிடுறம். ஒராளின்ர போதும்."

மாம்பழத்துக்குச் சொன்ன அதே நியாயம் என்பதால் எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். கூலி ஒரு முழுக் கறுத்தக்கொழும்பான். அன்று பின்னேரம் கடற்கரைக் கல்லில் இருந்து, முழங்கை வரை சாறு வடிய அதைத் தின்றேன். அப்பா பக்கத்தில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு துண்டுகூடக் கேட்கவில்லை. அம்மா மணத்தை வைத்துப் பிடித்துவிடுவார் என்று பைப்பில் என் வாயைக் கழுவிவிட்டார்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கரண்டியால் அளவாக எடுத்து, ஒரு இடத்திலும் சிந்தாமல், மூடியை இறுக்கிக் கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கைவேலைக்குக்கூட நான் அவ்வளவு கவனம் எடுத்ததில்லை.

றிப்போட் வந்த அன்று என்னைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லாததால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். டொக்டர் அன்ரி கண்ணாடியைப் போட்டுத் தாளைப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார். திரும்பவும் படித்தார்.

"இரத்தம் ஒண்டும் இல்லையெண்டு கிடக்கு," என்றார்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "நான் சொன்னனானே!" என்று அம்மாவைப் பார்த்தார்.

"ஆனா பூச்சி முட்டை இருக்கு."

அம்மா கதிரையிலிருந்து அரைவாசி எழும்பிவிட்டார். "பூச்சியோ? என்ர வீட்டிலயோ?" ஒரு நாளைக்கு இரண்டு தரம் நிலம் துடைக்கிற மனுஷிக்கு இரத்தத்தைவிட அது பெரிய இடியாக இருந்தது.

"இது சின்னப் பிள்ளையளுக்குத்தான் கூட வாறது," என்று டொக்டர் அன்ரி அப்பாவைப் பார்த்தார். "நீங்கள் மண்ணில கையளையிறனீங்களோ?"

"ஓம் டொக்டர்," என்றார் அப்பா உடனே. "பூச்சாடிக்கு மண் போடுறனான்."

"எங்கட வீட்டில எங்க பூச்சாடி?" என்றார் அம்மா.

"அது… ஒஃபிஸில."

கழுத்துப்பட்டி கட்டிய அப்பா கோட்டை அலுவலகத்தில் மண் கிண்டுகிற காட்சியை அம்மா மனதுக்குள் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது ஒன்றும் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது பூச்சி என்ற சொல் மட்டும்தான். சுகாதாரப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது: ஒரு பிள்ளையின் வயிறு, அதற்குள் நூடில்ஸ் மாதிரிச் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்கள். அந்தப் பக்கத்தை நான் எப்போதும் இரண்டு தாளாகச் சேர்த்துத் தட்டிவிடுவேன். அந்தப் புழு இப்போது என் வயிற்றுக்குள். டொக்டர் அன்ரியோ பேனையை எடுத்து, பூச்சிக் குளிசையை அப்பாவின் பெயருக்கு எழுதத் தொடங்கிவிட்டார். பூச்சி எனக்கு, குளிசை அவருக்கு. அப்பா அதை விழுங்கிவிட்டுச் சுகமாகத் திரிவார், நான் உள்ளே அரிக்கப்பட்டுச் சாவேன். சத்தியம் ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம். இரண்டு வரி எழுதும் வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"அது என்ர பூச்சி!" என்று கத்தினேன். "அப்பாக்குக் குடுக்காதேங்கோ, அந்தக் குளிசை எனக்கு! போத்தலில இருந்தது என்ர!"

வெளியே நீட்டு வாங்கில் காத்திருந்த ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். டொக்டர் அன்ரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எத்தினை மாசமா இரத்தம் போகுது?"

"மூண்டு… நாலு மாசம்."

"கடைசியில சொட்டுறதோ, மலத்தோட கலந்தோ?"

"கலந்துதான்."

"மெலிஞ்சும் போனீங்கள். இவ்வளவையும் வச்சுக்கொண்டு பிள்ளையின்ரயக் கொண்டுவந்து தந்திருக்கிறீங்கள்."

அப்பா கலண்டரைப் பார்த்தபடியே, "அண்ணைக்கும் இப்பிடித்தான் தொடங்கினது டொக்டர்," என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெரியப்பா வயிற்று வருத்தத்தால் செத்தவர் என்று எனக்குத் தெரியும். இந்த நேரத்தில் அவரை ஏன் நினைக்கிறார் என்றுதான் தெரியவில்லை.

டொக்டர் அன்ரி அப்போது சொன்னதை அம்மா பிறகு வருடக்கணக்காக எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார், அதனால் எனக்கு மனப்பாடம். "ரெண்டு நாள் வயித்தால போனாலோ, ஒரு கிழமை இறுகினாலோ வீட்டில வச்சுப் பாருங்கோ, நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா இரத்தம் கண்டா ஒருக்காத்தான் எண்டாலும் வாங்கோ. போற பழக்கம் மாறி மூண்டு நாலு கிழமை அப்பிடியே நிண்டாலும் வாங்கோ. காரணமில்லாம மெலிஞ்சாலும் வாங்கோ. குடும்பத்தில ஒராளுக்கு வந்திருந்தா ஓடி வாங்கோ. சூடு எண்டு நான் படிச்ச புத்தகத்தில ஒரு வருத்தம் இல்லை." வெறும் மூலவியாதியாகக்கூட இருக்கலாம், ஆனால் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அப்பா எழும்பித் திரைக்குப் பின்னால் போனார்.

நாங்கள் வெளியே போகும்போது டொக்டர் அன்ரி என் கையில் ஒரு மருந்துத் துண்டைத் தந்தார். பூச்சிக் குளிசை மூன்று பேருக்கும் எழுதியிருந்தது. ஒருவருக்குப் பூச்சி என்றால் வீட்டில் எல்லோரும்தான் குடிக்க வேண்டுமாம். இன்னும் அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் குளிசை தானாகவே கிடைத்திருக்கும். சத்தியத்தை வீணாக முறித்தேனே என்று எனக்குச் சரியான கவலை.

டொக்டர் அன்ரி அனுப்பிய ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு முதல் நாள் குடலைக் கழுவ ஒரு பெரிய ஜக் நிறைய மருந்துத் தண்ணீர். அம்மா டொய்லெட் கதவுக்கு வெளியே கதிரை போட்டு இருந்து, கப் கப்பாக அளந்து கொடுத்தார். நாலு நாளாக அப்பாவோடு கதைக்காதவர், அன்று மட்டும் "போச்சோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கத் தேவையே இருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மாமா ஆறு செவ்விளநீரோடு படியேறி வந்தார். அம்மா கதவைத் திறந்து, செவ்விளநீரை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, மாமாவைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர்கள் குடும்பத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

கமராவில் குடலுக்குள் காளான் மாதிரி ஒரு வளர்ச்சி தெரிந்தது. அதை அப்போதே வெட்டி எடுத்துச் சோதிக்க அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. நுனியில் மட்டும் புற்றாக மாறத் தொடங்கியிருக்கிறது, முழுக்க எடுத்தாயிற்று, இனி வருடாவருடம் பார்த்தால் போதும் என்று டொக்டர் சொன்னாராம். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் கதை வேறு என்றும் சொன்னாராம். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது வளர்ந்த பிறகுதான். அன்று என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டுக்கு வந்த அப்பா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், உடுப்புக் காயப்போடும் பின் பல்கனிக்குப் போய், ஈரத் துவாய்களுக்கு நடுவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுததுதான்.

அப்பா அழுது நான் கண்டதில்லை. எனக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: நான் சத்தியத்தை முறித்தேன். என்னால்தான் இவ்வளவு வம்பு. கனடா அத்தை வரைக்கும் அவருடைய மானம் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் கமரா விட்டார்கள், அம்மா கதைக்கவில்லை. ஒரு மாம்பழத்தையும் தின்றுவிட்டு அவரைக் காட்டிக் கொடுத்தவள் நான். துவாயை விலக்கிக்கொண்டு போய் அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, அழாதேங்கோ. இனிமேல் போத்தல் தந்தாங்களெண்டா என்னட்டச் சொல்லுங்கோ. நான் தாறன். மாம்பழமும் வேண்டாம். இந்தமுறை ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

அப்பா என்னைப் பார்த்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து புரையேறியது. என்னைத் தூக்கி, எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்குகிற வழக்கம் விட்டு எவ்வளவோ காலமாகியும் தூக்கி, மூச்சு முட்ட அணைத்துக்கொண்டு, "ஓம் குஞ்சு, ஓம்" என்றார்.

அவர் சம்மதித்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த ஒரு கிழமை முழுக்க, டொய்லெட்டுக்குப் போகமுன் அவரிடம் போய், "இண்டைக்கு வேணுமோ அப்பா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுத்தான் போனேன்.