தொண்ணூற்றெட்டாம் படி

“உள்ள வாங்க, உள்ள வாங்க, எல்லாரும் ரூமுக்குள்ள வந்துடுங்க. மேல இருந்து ஆள் இறங்குது!” சொல்லி முடிப்பதற்குள் விசில் உதட்டுக்குப் போய்விடுகிறது. படிக்கட்டின் இருட்டுக்குள் தலையை நீட்டி இரண்டு முறை ஊதுகிறார் விசில் அக்கா. மேலே செருப்புச் சத்தம் புறப்படுகிறது.

அந்தப் பழைய கலங்கரை விளக்கத்தின் சுழல் படிக்கட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகமுடியும். மொத்தம் இருநூற்றுப் பதினாலு படி. தொண்ணூற்றேழாவது படியோடு ஒட்டினாற்போல் ஓர் அறை இருக்கிறது. விளக்கு எண்ணெயில் எரிந்த காலத்தில் எண்ணெய் டின்களைச் சுமந்து வந்து அடுக்கிய இடம். ஏறுகிறவர்களை அதற்குள் நிறுத்திவிட்டு, இறங்குகிறவர்களுக்கு வழி விடுவதுதான் அக்காவின் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறார். கீழே வேன் ஓட்டுகிற அவருடைய கணவரே சில சமயம் வாய் தவறி “அக்கா” என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதுண்டு.

சுற்றுலா வருகிறவர்கள் இந்தக் கரையைப் பார்த்து மலைத்துப் போவார்கள். கறுத்த பாறைகள், அவற்றில் ஓங்கி அறைந்து மூன்று ஆள் உயரத்துக்கு எழும்பும் அலை, காதை அடைக்கிற காற்று. அக்காவுக்குக் கிடைத்திருப்பதோ சுவரில் ஒரு ஜன்னல். ஜன்னல் என்று மரியாதைக்குச் சொல்லலாம். ஒரு கை நுழையும், தலை நுழையாது. அதன் வழியே ஒரு சாண் கடல் தெரியும். “எனக்கு இது போதும். மொத்தக் கடலையும் வெச்சுக்கிட்டு என்ன பண்றது?” என்பார்.

ஆட்களைப் பார்ப்பதற்கு முன்பே மூச்சைக் கேட்டு எடை போட்டுவிடுவார். “இவரு ஏறிடுவாரு. அந்தம்மா உக்காந்து எந்திரிச்சுதான் போவாங்க. பின்னாடி வர்ற ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி, சண்டை.” எப்படித் தெரியும் என்று கேட்டால், “ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது, ஒருத்தருகூட ‘மெதுவா வா’ன்னு சொல்லல பாருங்க” என்று விளக்கம் வரும். இன்னும் எத்தனை படி என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: “பாதிக்கு மேல வந்துட்டீங்க.” கணக்குப்படி அது பொய். “பொய்யில்லைங்க, தெம்பு” என்று திருத்துவார்.

அறையைத் தாண்டியதும் வருகிற தொண்ணூற்றெட்டாம் படி மட்டும் மற்றப் படிகளைவிட நாலு விரல் உயரம். கட்டியவர் கணக்கில் எங்கேயோ தவறியிருக்கிறது. முன்பெல்லாம் அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே “படி உசரம், பாத்து” என்று குரல் கொடுப்பதோடு சரி. இப்போது அப்படியில்லை. எழுந்து நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் கையை நீட்டுகிறார். வாலிபர்கள் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பார்கள். விடமாட்டார். “புடிச்சுக்குங்க. எனக்காகப் புடிச்சுக்குங்க.”

இதற்குக் காரணம் போன வருடம் நடந்த ஒன்று.

நல்ல மழை. நடுப்பகலிலேயே வானம் இருண்டு மின்சாரமும் போயிற்று. அன்றைக்குக் கடைசிக் கூட்டமாக மேலே போயிருந்த முப்பத்தெட்டுப் பேரையும் உடனே இறக்கச் சொல்லிவிட்டார்கள். உச்சியில் ஒரு பெண் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னதால் அக்கா மேலே ஏறிப் போனார். அவளைத் தேற்றி முன்னால் இறங்கவிட்டு, எல்லோருக்கும் பின்னால் தான் வந்தார். மழைக்கோட்டுகளிலிருந்து சொட்டிய தண்ணீர் படியில் நின்றிருந்தது. நூற்று அறுபதாவது படியில் கால் வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் தனக்கே கேட்டது என்கிறார்.

அந்த வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. கீழே அலுவலகத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அப்போது படிக்கட்டில் யாரோ ஒரு பெண், டீச்சர் போன்ற குரலில் கத்தினாளாம்: “எல்லாரும் நாலு படிக்கு ஒருத்தரா செவுத்தோட சாஞ்சு நில்லுங்க. கைமாத்தி கைமாத்தி இறக்கிடலாம்!” ஒரு குடையைக் காலோடு வைத்து இரண்டு துப்பட்டாக்களால் கட்டினார்கள். பிறகு, ஊர் பேர் தெரியாத முப்பத்தெட்டுப் பேர், நூற்று அறுபது படிகளும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அவரை இறக்கினார்கள். ஒருவர் மட்டும் கடைசி வரை கை மாற்றாமல், தலைமாட்டில் இரண்டு கைகளையும் கொடுத்தபடி கூடவே இறங்கி வந்தார்.

“கண்ணத் தொறந்தா எல்லாம் சுத்துது. மூடிக்கிட்டேன். ஒரு மூஞ்சியும் பாக்கல. கைதான் தெரியும். ஒரு கை ஜில்லுன்னு இருந்துச்சு. ஒரு கையில ஆரஞ்சுத் தோல் வாசனை. தலையப் புடிச்சிருந்த கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு, ஆனா விடல.”

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் அவர்களும் தங்கள் பேருந்தில் ஏறிப் போய்விட்டார்கள். காலில் கம்பி வைத்து, ஐந்து மாதம் கழித்து அக்கா திரும்பி வந்தார். வேலையே வேண்டாம் என்று மகள் அழுது பார்த்தாள். கீழே டிக்கெட் ஜன்னலில் உட்காரச் சொன்னார் அதிகாரி. அக்கா மறுத்துவிட்டார். “அங்க உக்காந்தா மூஞ்சிதான் சார் தெரியும். எனக்கு அவங்க மூஞ்சி தெரியாதே. யாருன்னு தெரியாதவங்களுக்கு எப்படி நன்றி சொல்றது? அதான் வர்றவங்க எல்லாருக்கும் சொல்லிடுறேன்.”

ஆக, தினமும் காலையில் காலை இழுத்து இழுத்துத் தொண்ணூற்றேழு படி ஏறுகிறார். அதற்கு மேல் போவதில்லை. நூற்று அறுபதாம் படியை மறுபடி மிதிக்க அவருக்குப் பயம். இதை அவர் கணவரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

சென்ற வாரம் ஒரு காலைக் கூட்டம் ஏறியது. கடைசியாக வந்தவர் எழுபதைத் தாண்டியவர். அக்கா வழக்கம்போல் கையை நீட்டினார். அதைப் பிடித்த பெரியவரின் கை, பிடித்த பிறகும் நடுங்கியது. அக்கா விடவில்லை.

“பயந்துடாதீங்கம்மா. இது பழைய நடுக்கம்தான்” என்றார் பெரியவர்.

“ஐயா, நீங்க முன்னாடி இங்க வந்திருக்கீங்களா?”

“வந்தேன். போன வருஷம். மேல வரைக்கும் போயும் ஒண்ணும் தெரியல, ஒரே மழை. இறங்கறப்ப பாவம், ஒரு அம்மா விழுந்துட்டாங்க.” அவர் சற்று நிறுத்தி மூச்சு வாங்கினார். “நான்தான் அவங்க தலையப் புடிச்சிருந்தேன். வேற ஆளு புடிச்சிருக்கணும். என் கை ஆடுற ஆட்டத்துல அவங்களுக்கு எவ்வளவு வலிச்சுதோ. வீட்ல இன்னமும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

அக்கா இன்னொரு கையையும் அவர் கைமேல் வைத்தார். பிறகு, “வலிக்கலைங்கய்யா” என்றார். “தூளில போட்டு ஆட்டின மாதிரி இருந்துச்சு.”

பெரியவர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். சுவரில் சாய்ந்துகொண்டார். “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டார். மறுபடியும் அதையே கேட்டார். இரண்டு முறையும் அக்கா தலையாட்டினார்.

“இன்னைக்கு வெயில் அடிக்குதுய்யா. கடல் நல்லாத் தெரியும்.”

“அதுக்குத்தான் வந்தேன். அடுத்த வருஷம் இந்தக் கை கால் சொன்ன பேச்சு கேக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா என் வேகத்துக்கு ஏறினா மேல இருக்கறவங்க எப்ப இறங்கறது?”

அக்கா விசிலை எடுத்து மூச்சு தீரும்வரை நீளமாக ஒரே ஊதலாக ஊதினார். மேலேயும் கீழேயும் காலடிச் சத்தம் நின்றது. வாக்கி டாக்கியில் அதிகாரியின் குரல் கரகரத்தது: “என்னக்கா, லைன் ஏன் நிக்குது?”

“எனக்கு வேண்டியவரு ஒருத்தர் மேல போறாரு சார். கொஞ்ச நேரம் நிக்கட்டும்.”

“எவ்வளவு நேரம்?”

“அவரு போயிச் சேர்ற வரைக்கும்.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, “சரிக்கா.”

பெரியவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஏறத் தொடங்கினார்; அக்காவும் அவர் பின்னாலேயே ஏறினார். நாலு படிக்கு ஒருமுறை நின்றார். அவர் நின்றபோதெல்லாம் அக்காவும் ஒரு படி கீழே நின்றார். நூற்று நாற்பது, நூற்று ஐம்பது. நூற்று அறுபதாம் படி வந்தபோது பெரியவருடைய கை கம்பியில் தடதடவென்று அடித்தது. அக்கா அடுத்த படிக்குக் கால் எடுக்காமல் நின்றார். “இதுதானே அந்த இடம்?” என்று திரும்பாமலேயே கேட்டார் அவர்.

“ஆமாய்யா. நீங்க போங்க. பாதிக்கு மேல வந்துட்டோம்.”

அவர் அடுத்த படியில் கால் வைத்தார். அக்காவும் வைத்தார். கம்பியைப் பிடிக்க அவருக்குக் கை ஒழியவில்லை; இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, பெரியவரின் முதுகைத் தொடாமல், ஒரு சாண் இடைவெளியில் ஏந்தியபடியே ஏறிக்கொண்டிருந்தார்.