அவரைக்கொட்டைப் பானையில் வெந்த ரிவால்வர்

வெர்லின் ஹாஸ்கின்ஸ் செத்துப்போன அப்பாவின் ரிவால்வரை அவரைக்கொட்டை வேகவைக்கும் பானையில் போட்டு வேகவைக்கிறானாம். அக்கா கைக்கு முழுசாய்ப் போய்ச் சேரக் கூடாதென்று பாழாக்குகிறானாம். தீவனக் கடையில் புறப்பட்ட பேச்சு, ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் அவன் மனைவி நோரீன் காதுக்கு வந்துவிட்டது.

“உப்பு போட்டியான்னு கேக்குறாங்க,” என்றாள், அடுப்பை எட்டிப் பார்த்து.

“உப்புப் பட்டா எஃகு போச்சு. வெறும் தண்ணிதான்.”

“அப்போ பாதி நெசம். மீதிப் பாதி?”

அவன் பானையில் கிடந்த துப்பாக்கிக் குழலைக் கம்பியால் புரட்டினான்.

பள்ளிக்கூடப் பேருந்துகளின் அடியில் படுத்துப் பழுதுபார்த்தே ஆயுளைக் கழித்தவன் வெர்லின். கென்டக்கி மலையில் அப்பாவோடு அணில் வேட்டைக்குப் போனவனும் அவன்தான். ஆனால் அப்பா துப்பாக்கியை எழுதிவைத்தது அக்கா ஓப்பலுக்கு. அவள் பக்கத்து மாநிலமான ஒஹையோவில் இருக்கிறாள். துப்பாக்கி உள்ள அறையில் உட்காரவே மாட்டாள். “தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்கு” என்று அப்பாவின் அடக்கத்தன்று அவன் குத்திப் பேசினான். அவள் காரில் ஏறிப் போய்விட்டாள். கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிறு நெருங்குகிறது. அன்றைக்கு அவள் வந்தால், பளபளவென்று கையில் கொடுத்துவிட வேண்டும். மன்னிப்புக் கேட்க அவனுக்கு வேறு வழி தெரியாது.

வேலையே விசித்திரமானது. எஃகைத் தேய்த்து மெருகேற்றி, மருந்து தடவி, வேண்டுமென்றே துருப்பிடிக்க விட வேண்டும். கொதிநீரில் போட்டால் சிவந்த துரு கறுக்கும். பிறகு அந்தக் கறுப்பே எஃகுக்குக் காவல். குழல் பானையில் கறுத்துக்கொண்டிருந்தது. உடற்பகுதி கையில் இருந்தது.

மரப்பிடியைக் கழற்றியபோது அதை ஒட்டிய எஃகில் ஒரு துருக்கறையைப் பார்த்தான். மெருகேற்றும் உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்த பிறகுதான் கவனித்தான்: வரிவரியாய், ஒரு கட்டைவிரல் ரேகை. சனிக்கிழமை தவறாமல் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்ட அப்பா இதை மட்டும் ஏன் விட்டுவைத்தார்?

தன் விரலை வைத்துப் பார்த்தான். பாதிகூட அடங்கவில்லை.

“கொழந்தை விரல்,” என்றாள் நோரீன். “உன்னுதா?”

“என்னை அவர் இதைத் தொடவே விட்டதில்ல.”

“பன்னி அடிக்கிற நாள்ல இதாலதானே சுடுவாரு? உங்க வீட்டுல கறிக்கு உப்பு தேய்க்கிறது யாரு?”

“பிள்ளைங்கதான். நான் பொறக்கறதுக்கு முன்னாடி... ஓப்பல் மட்டும்.”

இருவரும் அந்தக் கறையையே பார்த்தார்கள். உப்புக் கையோடு அவள் அதை எடுத்தாளா? பன்றியைச் சுடாதே என்று பிடுங்கினாளா? அதைச் சொல்ல இனி ஒருத்தியே மிச்சம்.

“தேச்சுட்டா அழகா இருக்கும்,” என்றான், தனக்கே சொல்வதுபோல.

“முதல்ல அவளைக் கேளு. அன்னிக்குப் பேசினதுக்கும் சேத்து.”

உப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு தொலைபேசியில் ஓப்பலின் எண்களை அழுத்தினான். பானையில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. நோரீன் இன்னும் ஊற்றினாள். ஒஹையோவில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.