ரத்துக்குப் பதில் கேட்டவள்

திங்கட்கிழமை காலை மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்றிருந்தபோது முத்துலட்சுமியின் தம்பி அழைத்தான். "அக்கா போயிட்டா சாரே" என்றான். காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்ந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. வந்த படகில் ஏறாமல் அவள் வீட்டுக்கு நடந்தேன்.

எங்கள் அலுவலகத்தாருக்கு அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தவரின் மகள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தமிழ் எழுத வராது. ஆனால் கருவிகளோடு நேரடியாகப் பேசும் நிரல்களை அவளைவிட நன்றாக எழுதியவர் எங்களில் யாருமில்லை.

ஒருநாள் அவசரக் கூட்டம் என்று அழைப்பு வரவே, கீழே கடையில் சொன்ன சாயாவை வேண்டாம் என்று கத்திவிட்டு நாங்கள் மாடியேறினோம். அவள் மட்டும் நின்றுவிட்டாள். கடைக்காரர் அதற்குள் ஆற்றிவிட்டிருந்தார். ஐந்து சாயாவையும் வாங்கிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தவள், "வேண்டாம்னு நாம சொன்னா ஆச்சா? சேட்டன் சரின்னு சொல்லணும்ல" என்றாள்.

நிரல் எழுதும்போதும் அப்படித்தான். கருவியிடம் ஒரு தகவலைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நிரல் வேறு வேலை பார்க்கும். தேவையில்லை என்றால் கேட்டதை ரத்து செய்யலாம். ஆனால் அதுவும் ஒரு வேண்டுகோள்தான். அதற்குள் பதில் கிளம்பியிருக்கலாம். ரத்தானதா, முடிந்தேவிட்டதா என்று தெரியும்வரை, பதில் வந்து விழவேண்டிய நினைவக இடத்தை வேறெதற்கும் கொடுக்கக் கூடாது.

வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளை எடைபோடும் ஒரு யார்டுக்கு நாங்கள் எழுதிய நிரலில், ரத்து செய்த கையோடு நான் அந்த இடத்தை அடுத்த லாரிக்குக் கொடுத்திருந்தேன். சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஒப்படைக்கும் நாளில் முத்து கையெழுத்துப் போட மறுத்தாள். அவள் ஒப்பந்த ஊழியர். ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. மேலாளர் அதை நினைவூட்டினார். "இதைக் காட்டித் தந்துட்டு வேணா போறேன்" என்றாள். நிரந்தர வேலையில் இருந்த நான் வாயைத் திறக்கவில்லை. அவள்மேல் கோபம் வேறு.

மறுநாள் எடைமேடை அருகே மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். நாங்களும் போயிருந்தோம். மத்தியானத்துக்கு மேல், மேடையேறிய ஒரு காலி லாரி உடனே பின்வாங்கியது. நிரல் எடைக்கான கோரிக்கையை ரத்து செய்தது. அடுத்துச் சரக்கோடு ஏறிய லாரியின் எண்ணுக்கு நேராகக் காலி லாரியின் எடை வந்து விழுந்தது. அந்த எடையை நம்பித்தான் கிரேன் தூக்கும். மேலாளர் திரையைப் பார்த்தார், அவள் சொன்னபடியே திருத்தச் சொன்னார். ஒப்பந்தமும் நீண்டது. அப்படி ஒருத்தி பக்கத்து நாற்காலியில் இருந்தாள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் பெருமைதான்.

திங்கட்கிழமை அவள் அப்பாவிடம் அந்தக் கதையைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அவருக்குக் கதை தெரிந்திருந்தது.

"கூட இருக்கிற ஒருத்தருக்குத் தப்பிப் போச்சுன்னு மட்டும்தான் சொன்னா சாரே. ஆருன்னு எத்தனை கேட்டும் சொல்லலை."

அந்த ஒருத்தர் நான்தான் என்று எல்லோரும் படிக்க இங்கே எழுதுகிறேன். அன்று வாயைத் திறக்காதவனுக்கு இதை எழுதும் தைரியம் அவளிடமிருந்துதான் வந்தது. அவளுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.