முதுகால் அழுத வீரன்

போன வாரம் ஒரு செருப்புக் கடையில் பெட்டியைத் திறந்ததும் பதனிட்ட தோலின் வாசனை வந்தது. செருப்பை விட்டுவிட்டு மூக்கை உள்ளே நுழைத்த என்னைக் கடைப்பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளுக்கு நூர்ஜகானைத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையின் உறைவிடப் பள்ளி ஒன்றில் நாங்கள் இருவரும் புது ஆசிரியைகள். எனக்கு வரலாறு, வாணியம்பாடிக்காரியான அவளுக்குக் கைவேலை. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் பை நிறையத் தோல் துண்டுகள் கொண்டுவருவாள். எங்கள் அறையே தோல் மண்டி போல மணக்கும்.

மலையடிவாரத்துக் கலசப்பாக்கத்தில் பள்ளிகளுக்கான கண்காட்சிப் போட்டி வந்தது. எங்கள் பள்ளி எப்போதும் தேனும் சாமையும் வைத்துவிட்டுத் திரும்பும். "மலை இஸ்கூலுக்கு அது போதும்ங்க" என்றார் தலைமையாசிரியர். எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் அப்போது ஐரோப்பாவின் இடைக்காலம் நடத்திக்கொண்டிருந்தேன். இரும்புக் கவசம் பூண்ட அந்தக் குதிரை வீரர்களைப் பொம்மைகளாகச் செய்வது என்று கிளம்பிவிட்டோம். போர் ஓய்ந்த களம். இறந்த தோழனின் தலையை மடியில் ஏந்திய வீரன், பக்கத்தில் அவன் குதிரை. எல்லாம் ஒரு சாண் உயரம்.

புற்றுமண்ணில் பஞ்சு சேர்த்து நான் உருவம் பிடித்தேன். அவள் தோலில் சேணம் தைத்தாள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் கவசமானது. டீக்கடை வாசலில் அதைப் பொறுக்கிய இரண்டு ஆசிரியைகளைப் பற்றி மலையில் என்ன பேசினார்களோ. குதிரை நன்றாகவே வந்தது. வீரனின் முகம்தான் கைக்கு வரவில்லை. அழ வைக்கப் பார்த்தால் கொட்டாவி விட்டான்.

"இன்னாடி, பல்லு வலிக்காரன் மாதிரி கீறான்" என்றாள் நூர்ஜகான். "மூஞ்சியே வாணாம். தலக்கவசத்த இழுத்து மூடிடு."

"அப்புறம் அழுவுறது எப்டி தெரியும்?"

"முதுவுல தெரியும்."

தலையணையை மடியில் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள். பின்னாலிருந்து பார்த்துப் பார்த்து மண்ணை வளைத்தேன். அந்த நேரம் விடுதிச் சமையல்காரம்மா உள்ளே வந்து பதறிப்போனார். "வூட்ல யாருக்கு இன்னா ஆச்சும்மா?"

நூர்ஜகான் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வழி கிடைத்துவிட்டது.

கண்காட்சியில் எங்கள் மேசைக்கு முன் கூட்டம் நகரவே இல்லை. வயல்காட்டு அம்மா ஒருத்தி, தலைக்கவசத்தின் கண் இடுக்குக்குள் எட்டிப் பார்த்தாள். "உள்ள அழுவுறான், பாவம்" என்றாள். பின்னால் நின்ற நடுவரும் குனிந்து பார்த்தார். உள்ளே வெறும் மண்தான். அவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

முதல் பரிசு எங்கள் பள்ளிக்கு. தலைமையாசிரியர் கோப்பையை வாங்கப் போகாமல், "நீங்க போங்கம்மா" என்று எங்களை மேடைக்கு அனுப்பினார்.

மலைக்குக் கடைசிப் பஸ் மத்தியானமே போய்விட்டது. ரேஷன் அரிசி ஏற்றிய லாரியில், மூட்டைகள்மேல் மகாராணிகள் போல மலையேறினோம். வளைவுக்கு வளைவு லாரி சூடாகி நிற்கும். இறங்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். காட்டு வேலையில் இருந்தவர்கள் அருகே வருவார்கள்.

"நாங்க ஜெயிச்சுட்டோம்" என்று நூர்ஜகான் கோப்பையைத் தூக்கிக் காட்டுவாள். எதில் ஜெயித்தோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் வீரர்கள் இரண்டே மழைக்காலத்தில் கரைந்து மண்ணானார்கள். இப்போது நல்ல தார்ச்சாலை. வண்டிகள் எந்த வளைவிலும் நிற்பதில்லை. ஜெயித்துவிட்டு வருகிற யாரையும் அந்தக் காட்டுக்காரர்கள் பார்ப்பதில்லை.